சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரை மேல என்ன கோவம்? விஆர் வச்சு இடத்து பயத்தை ஆராயப் போறவங்களுக்கு ஒரு ஆரம்ப வழிகாட்டி

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதுன்னு சொல்லுவாங்கல்ல, அதக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. பூனையைச் சுட்டது பால் சட்டி. ஆனா அது சட்டியைப் பாத்து மட்டும் ஒதுங்கல, அடுப்பங்கரைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேங்குது. அடுப்பு அணைஞ்சு கிடந்தாலும் சரி, சட்டியக் கழுவிக் கவுத்து வச்சிருந்தாலும் சரி. நமக்கும் அதே கதைதான். ஒரு தெருமுனைல நாய் துரத்திக் கடிச்சிருந்தா அப்புறம் எங்க நாயைப் பாத்தாலும் பயம் வரும், அது ஒண்ணு. நாயே இல்லாத நேரத்துல அந்தத் தெருவுல வண்டியத் திருப்புறப்பவே வயித்த என்னமோ பண்ணும் பாருங்க, அது வேற ஒண்ணு. லேப்ல முதல் பயத்துக்கு கியூ ஃபியர்னு பேரு, ரெண்டாவதுக்கு கான்டெக்ஸ்ட் ஃபியர். இந்தக் கட்டுரை ரெண்டாவதப் பத்தி, அந்த இடத்து பயத்த விஆர்ல, அதாவது கண்ணுல ஹெட்செட் மாட்டிப் பாக்கற கம்ப்யூட்டர் உலகத்துல, எப்படி ஆராயறதுன்னு.

நான் ஒரு லேப்ல ரெண்டு வருஷம் ரிசர்ச் அசிஸ்டெண்ட்டா இருந்தேன், விஆர் ரூம் கட்டுறதுல இருந்து ஆளுங்க விரல்ல வயர் ஒட்டுறது வரைக்கும் எல்லாம் என் தலைல தான் விழுந்துச்சு, அதனால தப்பும் நிறைய பண்ணிருக்கேன். சைக்காலஜி படிச்சிட்டு ப்ராஜெக்ட் தேடுறவங்க, கோடிங் தெரிஞ்சு மூளை ஆராய்ச்சிப் பக்கம் எட்டிப் பாக்கறவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

முதல்ல கொஞ்சம் கதை, இல்லாட்டி பண்றது ஏன்னே புரியாது

இடத்து பயத்தப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு எலி சொல்லிக் கொடுத்தது. கீழ கம்பி போட்ட ஒரு பெட்டி, அதுல எலியை விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு சின்ன ஷாக். மறுநாள் அதே பெட்டில விட்டா ஷாக்கே இல்லாம எலி அப்படியே உறைஞ்சு நிக்கும், மூச்சு விடுற அசைவு தவிர வேற ஒண்ணும் இருக்காது. எத்தன செகண்ட் உறைஞ்சு நிக்குதுன்னு எண்ணுறதுதான் அளவு. 1992-ல ஜீன்சுக் கிம்மும் மைக்கேல் ஃபேன்ஸ்லோவும் இதுல ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுனாங்க. பெட்டில ஒரு சத்தமும் ஷாக்கும் சேர்த்துக் குடுத்துட்டு, மறுநாளே மூளைல ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியச் சேதப்படுத்துனா, எலிக்கு பெட்டி மேல இருந்த பயம் போயிடுது, ஆனா சத்தத்து மேல இருந்த பயம் அப்படியே நிக்குது. 28 நாள் கழிச்சு அதே ஆபரேஷனப் பண்ணா பெட்டி பயமும் பெருசா குறையல. அதாவது பொருளும் இடமும் மூளைக்குள்ள ஒரே வழியாப் போகல, இடத்து நினைவு மொதக் கொஞ்ச நாளைக்கு ஹிப்போகேம்பஸ நம்பித்தான் நிக்குது.

சரி, மனுஷனை எந்தப் பெட்டில போடுறது? அங்கதான் பிரச்சன. ரெண்டு நிஜ ரூம் வச்சு நடத்தலாம், ஆனா மூளை ஸ்கேனர்ல படுத்திருக்கறவர எப்படி ரூம் மாத்துவீங்க? அதனால முன்னாடி எல்லாம் ஸ்கிரீன்ல பின்னணி கலரை மாத்துறது, ரூம் லைட்டப் போட்டு அணைக்கிறது, ரூம் போட்டோ காட்டுறதுன்னு ஒப்பேத்திட்டு இருந்தாங்க. கலர் மாறுறத எல்லாம் இடம்னு சொன்னா எலி கூட சிரிக்கும். 2004-ல யோஹன்னா பாஸ், கிறிஸ்டியன் கிரில்லான் டீம் அமெரிக்கால விஆர் ரூம்களை வச்சு இந்தப் பரிசோதனையப் பண்ணிக் காட்டுனாங்க. 2006-ல கிரில்லான் டீம் பேங்க், ரெஸ்டாரன்ட், கேசினோன்னு மூணு விஆர் இடம் வச்சாங்க, ஒண்ணுல ஷாக்கே கிடையாது, ஒண்ணுல ஒரு அறிகுறி காட்டிட்டுத்தான் ஷாக் வரும், இன்னொண்ணுல எப்ப வரும்னே தெரியாது. எப்ப வரும்னு தெரியாத இடத்துலதான் ஆளுங்க அந்த இடத்துல இருக்கிற நேரம் முழுக்க டென்ஷனா இருந்தாங்க. அப்புறம் காசு எடுக்க எந்த இடத்துக்குப் போறீங்கன்னு கேட்டா அந்த இடத்த ஒதுக்கவும் செஞ்சாங்க. எப்ப வரும்னு தெரிஞ்சா அறிகுறி வர்ற வரைக்கும் நிம்மதியா இருக்கலாம்ல, தெரியலன்னா இடமே அறிகுறி ஆயிடுது. இத ஞாபகம் வச்சுக்குங்க, டிசைன் பண்றப்ப தேவைப்படும்.

படி 1: ஒரே ஒரு கேள்வி எடுங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு, ஒரே ஸ்டடில எல்லாத்தையும் கேக்கறது. பயம் எப்படி வருது, எப்படிப் போகுது, திரும்ப எப்படி வருது, தூக்கம் எப்படி பாதிக்குதுன்னு. வேணாம். டிசைன்கள்ல ரொம்ப சிம்பிளானது ரெண்டு ரூம் டிசைன், ஜெர்மனில வூர்ட்ஸ்பர்க்ல பவுல் பவுலி குழுவினர் ரெண்டு விஆர் ஆபீஸ் ரூம் வச்சு பண்ணது இந்த வகை, ஒரு ஆபீஸ்ல எப்ப வேணா ஷாக் வரும், இன்னொண்ணுல வராது. அவ்ளோதான். முதல் ப்ராஜெக்ட்டுக்கு இதுவே போதும், இதுவே ஒழுங்கா வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும்.

இன்னொரு வகை எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரே இடத்துக்குள்ளயே பாதி ஆபத்து பாதி பத்திரம். பெஞ்சமின் சுவாரெஸ் ஹிமெனெஸ் டீம் பண்ணது, ஒரு விஆர் புல்வெளில போய் பூப்பறிக்கணும், ஒரு பக்கத்துப் பூவுல தேனீ இருந்து கொட்டும், கொட்டுறதுன்னா கைல லேசா ஒரு ஷாக். இன்னொரு பக்கத்துல தேனீ கிடையாது. நடுவுல சுவர் கதவு ஒண்ணும் இல்ல, எங்க நிக்கிறோம்னு ஆளேதான் கத்துக்கணும். இதே புல்வெளிய 2021-ல வந்த ஆய்வுல ஆங்சைட்டி, அதாவது பதட்ட நோய், இருக்கறவங்களுக்கும் வச்சுப் பாத்தாங்க. அவங்களுக்கு இன்சுலா, டார்சோமீடியல் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்னு ரெண்டு மூளைப் பகுதி மத்தவங்கள விட அதிகமா வேலை செஞ்சுது, ஆபத்தான பக்கம் எது, பத்திரமான பக்கம் எதுன்னு பிரிச்சுப் பாக்கறதுலதான் சிக்கல்னு அவங்க விளக்கம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்மாளுங்க சொன்னதுக்கு ஸ்கேன் எடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. ஆனா இந்த டிசைன் ரெண்டாவது ப்ராஜெக்ட்டுக்கு வச்சுக்குங்க, ஆள் எங்க எவ்ளோ நேரம் நிப்பார்னு நம்ம கைல இல்லாததால அனலிசிஸ் கழுத்தறுக்கும்.

படி 2: பயமே இல்லாத ரூம் கட்டுங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம்தான் மனசுல நிக்கணும்னா அது இதுதான். விஆர்னு சொன்னதும் எல்லாரும் பாழடைஞ்ச பங்களா, இருட்டு காரிடார், சிலந்தி வலைன்னு ஆரம்பிச்சிடுறாங்க, எங்க லேப்புக்கு வந்த இன்ஜினியரிங் பசங்க மூணு பேர் முதல் வாரத்துலயே ஒரு மார்ச்சுவரி கட்டிட்டு வந்து நின்னாங்க. நல்லா இருந்துச்சு, கொலநடுங்கிப் போச்சு. ஆனா அதுல கத்துக்கறதுக்கு என்ன இருக்கு? உள்ள போகும்போதே பயம்னா ஷாக் வந்தப்புறம் கூடுனது எவ்ளோன்னு எப்படிப் பிரிப்பீங்க? நமக்கு வேண்டியது சும்மா இருக்கிற ரூம். தாலுக்கா ஆபீஸ் மாதிரி, டென்டிஸ்ட் வெயிட்டிங் ரூம் மாதிரி, இல்ல டென்டிஸ்ட் வேணாம் அங்கயும் சில பேருக்கு வேர்க்கும், ஒரு சாதா ஆபீஸ் ரூம், மேசை, நாற்காலி, அலமாரி, ஜன்னல். பாத்தா கொட்டாவி வரணும். அந்த கொட்டாவி ரூம் அரை மணி நேரத்துல கை வேர்க்க வைக்குதுன்னா அப்பத்தான் அது கத்துக்கிட்ட பயம்.

ரெண்டு ரூமும் அளவுல, வெளிச்சத்துல, பொருள் எண்ணிக்கைல, பின்னணி சத்தத்துல ஒண்ணா இருக்கணும், ஆனா உள்ள போனதும் இது அது இல்லன்னு தெரியவும் செய்யணும். இங்கதான் நான் பெருசா சொதப்புனேன். எங்க முதல் வெர்ஷன்ல ஒரு ரூம்ல மேசை மேல மஞ்சளா ஒரு லேம்ப் இருந்துச்சு, இன்னொண்ணுல இல்ல. டேட்டா பிரமாதமா வந்துச்சு, சார் சந்தோஷமாயிட்டாரு. முடிஞ்சப்புறம் ஒரு பொண்ணுகிட்ட எந்த ரூம்ல ஷாக் வந்துச்சும்மான்னு கேட்டேன். "ரூம் எல்லாம் கவனிக்கல அண்ணா, லேம்ப் தெரிஞ்சா ஷாக் வரும்னு கண்டுபிடிச்சிட்டேன், அப்புறம் லேம்பையேதான் பாத்துட்டு இருந்தேன்"னா. மத்தவங்ககிட்டயும் கேட்டா பாதிப்பேர் அதே பதில். போச்சு, நாங்க அளந்தது இடத்து பயமே இல்ல, லேம்ப் பயம். பால் சட்டிய அளந்துட்டு அடுப்பங்கரைன்னு பேர் வச்சிருக்கோம்.

அப்புறம் மாத்துனது என்னன்னா, ரெண்டு ரூமுக்கும் ஒரே சாமான், ஒரே மேசை ஒரே லேம்ப் ஒரே காலண்டர், வேற வேற மாதிரி அடுக்குனது. ஒண்ணுல ஜன்னலுக்கு எதிர்ல மேசை, இன்னொண்ணுல கதவுக்குப் பக்கத்துல. எந்த ஒரு பொருளையும் தனியா பாத்தா எந்த ரூம்னு சொல்ல முடியக் கூடாது, எல்லாம் சேர்ந்து எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் தெரியணும். ஹிப்போகேம்பஸ் செய்யற வேலையா சொல்றதே இந்த சேர்த்துக் கட்டுறதத்தான். ஆனா ரொம்ப ஒண்ணு போலப் பண்ணிட்டா ஆளுங்களுக்கு வித்தியாசமே தெரியாம போயிடும், அதனால ஷாக் எல்லாம் இல்லாம பத்து பேருக்கு ரூமைக் காட்டி எது எதுன்னு சொல்லச் சொல்லிப் பாருங்க, அதுலயே ரூம் பிடிச்சிருக்கா பயமா இருக்கான்னு மார்க்கும் போடச் சொல்லுங்க.

அதோட பாதிப் பேருக்கு முதல் ரூம்ல ஷாக், மீதிப் பேருக்கு ரெண்டாவது ரூம்ல. இத மறந்தா உங்க ரிசல்ட்ட ஒரு கேள்வில உடைச்சிடலாம்.

கட்டுறதுக்கு யூனிட்டிங்கிற கேம் செய்யற சாப்ட்வேர் போதும், அதே மாதிரி அன்ரியல் தெரிஞ்சா அதுவும் சரி, ரெண்டுக்கும் இலவச மேசை நாற்காலி மாடல் ஏகப்பட்டது கிடைக்குது. யூனிட்டில சோதனை நடத்தவே யுஎக்ஸ்எஃப்னு ஒரு இலவச ஃப்ரேம்வொர்க் இருக்கு, ட்ரயல் வரிசை, டேட்டா சேவ் பண்றது எல்லாம் அது பாத்துக்கும். அழகை விட வேகம் முக்கியம், ஃப்ரேம் ரேட் ஹெட்செட்டோட அளவுக்கு, அதாவது செகண்டுக்கு 72 இல்ல 90 படத்துக்கு, கீழ விழவே கூடாது, விழுந்தா தலைசுத்தல் குமட்டல். தலை அசையாம கேமராவை மட்டும் நகர்த்துனாலும் அதே கதைதான். குமட்டலுக்கும் கை வேர்க்கும்ங்கறது நமக்கு ரெட்டைத் தலைவலி, பயத்துக்கு வேர்த்ததா குமட்டலுக்கு வேர்த்ததான்னு சென்சாருக்குத் தெரியாதே. நாங்க கடைசில ஆளை ஒரு சுழல் நாற்காலில உக்கார வச்சோம், ரூம் மாறும்போது திரையை மெதுவா இருட்டாக்கி அடுத்த ரூமைக் காட்டுனோம். நடந்து போற மாதிரி இல்லங்கறது குறைதான், ஆனா ஒருத்தர் கூட பாதில எந்திரிச்சு ஓடல.

படி 3: ஷாக், அதுக்கு முன்னாடி பர்மிஷன்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கைல வர்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட் கைல கூட வயர் ஒட்டாதீங்க. இந்தியால இருக்கறவங்க ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017-ல வெளியிட்ட மனித ஆராய்ச்சி நெறிமுறைகளப் படிச்சிட்டு அப்ளிகேஷன் எழுதுங்க. எந்த நொடியும் நிறுத்தலாம், நிறுத்துனாலும் பேசுன பணம் குறையாதுன்னு கன்சென்ட் ஃபார்ம்ல ஆளுக்குப் புரியற தமிழ்ல இருக்கணும், எங்க முதல் ஃபார்ம் மொழிபெயர்ப்பு அரசாணை மாதிரி இருந்துச்சு, ஒருத்தருக்கும் புரியல, எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, அதுவும் ஒரு வகைல பயமாத்தான் இருந்துச்சு. இதயக் கோளாறு, பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம், இப்ப சிகிச்சைல இருக்கிற பதட்ட நோய், இதெல்லாம் இருந்தா சேர்க்காதீங்க. வலிப்பு ஷாக்குக்காக மட்டும் இல்ல, விஆருக்காகவும்.

ஷாக் மெஷின் மனுஷ ஆராய்ச்சிக்குன்னே செஞ்ச, கரன்ட் அளவு மாறாம குடுக்கற ஸ்டிமுலேட்டரா இருக்கணும், டிஜிடைமர் டிஎஸ்7ஏ மாதிரி. யூடியூப் பாத்து சர்க்யூட் போடற வேலையே வேணாம். அளவு எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது, ரொம்பக் கம்மில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்தி, தாங்கிக்கலாம் ஆனா பிடிக்கலன்னு ஆளே சொல்ற இடத்துல நிறுத்தணும், வலிக்குதுன்னா ஏற்கனவே தாண்டிட்டீங்க. கெத்துக்காக ஏத்திக்கிட்டே போகச் சொல்ற பசங்க வருவாங்க, காலேஜ் பசங்க ரெண்டு பேர் சேர்ந்து வந்தா கண்டிப்பா, தனித்தனியா கூப்பிடுங்க.

மெஷினுக்குப் பணம் இல்லையா, ஹெட்போன்ல திடீர்னு ஒரு அலறல் சத்தமோ இரைச்சலோ குடுக்கலாம், நிறைய லேப்ல பண்றாங்க. ஆனா இடத்து பயத்துக்கு அது கொஞ்சம் வலுக்குறைவுதான்னு என் அனுபவம், அஞ்சாறு தடவைல பழகிடுது. சத்தத்தோட டெசிபல மீட்டர் வச்சு அளந்துட்டுத்தான் காதுல மாட்டணும்.

படி 4: பயத்த எதுல அளக்கறது

மனுஷன் எலி மாதிரி உறைஞ்சு நிக்க மாட்டான், வேர்ப்பான். இடது கை ரெண்டு விரல்ல எலெக்ட்ரோட் ஒட்டி தோல்ல மின்சாரம் எவ்ளோ சுலபமா ஓடுதுன்னு பாக்கறதுதான் ஸ்கின் கண்டக்டன்ஸ், அளவு மைக்ரோசீமன்ஸ்ல வரும். ஒரு விஷயம் நடந்து ஒண்ணுல இருந்து நாலு செகண்டுக்குள்ள ஸ்கிரீன்ல ஓடுற கோட்டுல ஒரு மேடு எழும்பும், உடனே வரலன்னு பதறாதீங்க. ஆனா இடம்ங்கிறது ஒரு நொடி விஷயம் இல்லயே, ஒண்ணரை நிமிஷம் ரூம்ல இருக்கார்னா அந்த மொத்த நேரத்துக்கும் மட்டம் எங்க நிக்குது, நடுவுல தானா எத்தன மேடு எழும்புதுன்னும் பாக்கணும், ஷாக் வந்ததும் அதுக்கப்புறம் வர்ற சில செகண்டும் கணக்குல சேரக் கூடாது.

ஒட்டுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணில கை கழுவச் சொல்லுங்க, ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, ஒட்டி அஞ்சு பத்து நிமிஷம் விட்டுட்டு ஆரம்பிங்க. ஆழமா மூச்சு இழுக்கச் சொன்னா மேடு வரணும், வரலன்னா வயரப் பாருங்க. ஷாக் எலெக்ட்ரோட் மத்த கைல இருக்கட்டும். கன்ட்ரோலர் குடுத்தா அதையும் அந்த மத்த கைலயே குடுங்க. நம்ம ஊர்ல முக்கியமான விஷயம் ஏசி, மே மாசம் மதியம் பஸ்ல தொங்கிட்டு வந்து இறங்குறவருக்கு பயம் எதுக்கு, ஏற்கனவே ஆறா ஓடிட்டு இருக்கும். கால் மணி நேரம் உக்கார வச்சு தண்ணி குடுத்துட்டுத்தான் நாங்க தொடங்குவோம், எல்லா நாளும் ஒரே டெம்பரேச்சர்.

ரெண்டாவது வழி ஸ்டார்ட்டில், அதாவது திடுக்கிடறது. காதுல 50 மில்லிசெகண்ட் இரைச்சல் படார்னு குடுத்தா கண் சிமிட்டும், பயத்துல இருக்கும்போது அந்த சிமிட்டல் வலுவா இருக்கும், கண்ணுக்குக் கீழ ரெண்டு சின்ன எலெக்ட்ரோட் அதப் பிடிக்கும். கிரில்லான் டீம் வேலையெல்லாம் பெரும்பாலும் இதுலதான். ஆனா விஆர்ல ஒரு தொல்லை இருக்கு, ஹெட்செட் ஃபோம் சரியா அந்த எலெக்ட்ரோட் மேலயே வந்து அழுத்தும், தலை திருப்புனா சிக்னல் கந்தல். அதோட அந்தப் படார் சத்தமே ஒரு சின்னத் தண்டன மாதிரிதான், பத்திரமான ரூமையும் கொஞ்சம் கெடுத்துடும். முதல் ஸ்டடிக்கு இத விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன்.

வாயால கேக்கறதையும் மட்டமா நினைக்காதீங்க. எவ்ளோ பதட்டம், ஷாக் வரும்னு எவ்ளோ எதிர்பாத்தீங்கன்னு ரூமுக்கு ரூம் ஒரு மார்க். கடைசில, எந்த ரூமுக்குப் போறீங்கன்னு அவங்களையே தேர்வு பண்ண விடுங்க. 2012-ல வூர்ட்ஸ்பர்க்ல இதப் பண்ணாங்க, ஷாக் வாங்குன ஆபீஸ ஆளுங்க ஒதுக்குனாங்க. கை வேர்க்கலன்னு சாதிக்கிறவரு கூட அந்தக் கதவைத் தொட மாட்டாரு, பாக்கவே வேடிக்கையா இருக்கும்.

படி 5: கடிகாரம்

சின்னப் படி, ஆனா என்னோட ஒரு வார டேட்டா இதுலதான் செத்துச்சு. விஆர் ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுது, வேர்வை சென்சார் இன்னொண்ணுல பதிவாகுது, ரெண்டோட மணியும் ஒண்ணுன்னு நம்பிட்டேன். மூணு செகண்ட் வித்தியாசம். மேடு எழும்பறதே நாலு செகண்டுக்குள்ளன்னு இப்பதான சொன்னேன், மூணு செகண்ட் தள்ளிப் போனா என்ன மிஞ்சும்? லேப் ஸ்ட்ரீமிங் லேயர்னு இலவச சாப்ட்வேர் இருக்கு, ரெண்டையும் ஒரே கடிகாரத்துல கட்டிடும். அதுவும் போதாது, ஹெட்செட் திரைல ஒரு போட்டோ சென்சார ஒட்டி, ரூம் மாறுன நொடியும் ஃபைல்ல எழுதுன நொடியும் ஒத்துப்போகுதான்னு நேர்ல பாருங்க.

படி 6: ஆள் வர்ற நாள்

கன்சென்ட், கேள்வித்தாள், வயர், ஷாக் அளவு, ஹெட்செட்ட கண் இடைவெளிக்கு ஏத்த மாதிரி சரி பண்றது, எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆயிடும், அரை மணின்னு ஷெட்யூல் போட்டா அடுத்த ஆள் வெளில உக்காந்து கடுப்பாவாரு.

ஷாக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ரூமையும் சும்மா சுத்திப் பாக்க விடுங்க. நேரம் மிச்சம் பிடிக்கலாம்னு இத வெட்டுறவங்க இருக்காங்க, வெட்டாதீங்க. எலியைப் பெட்டில விட்ட உடனே ஷாக் குடுத்தா மறுநாள் அது அந்தப் பெட்டிக்கு பயப்படாது, ஏன்னா பெட்டி எப்படி இருக்குன்னே அது இன்னும் பாக்கல. முந்தின நாள் கொஞ்ச நேரம் பெட்டியக் காட்டியிருந்தா அப்ப பயப்படும். ஃபேன்ஸ்லோ காட்டுன விஷயம் இது. இடம் மொதல்ல மனசுல ஒரு படமாப் பதியணும், அப்புறம்தான் பயம் ஒட்டுறதுக்கு ஒரு பரப்பு கிடைக்கும்.

அப்புறம் நாங்க பண்ணது, ஒவ்வொரு ரூமுக்கும் ஆறு தடவை, தடவைக்கு 90 செகண்ட், வரிசையக் கலைச்சுப் போட்டு. ஷாக் ரூம்ல சில தடவை ஒண்ணு, சில தடவை மூணு, ஒரு தடவை ஒண்ணுமே இல்ல. நேரத்தையும் கலைங்க, உள்ள போய் பத்தாவது செகண்ட்லயே எப்பவும் ஷாக் வந்தா அது தாண்டுனதும் ஆளு ரிலாக்ஸ் ஆயிடுவாரு, அறிகுறி குடுத்த மாதிரிதான் அதுவும். ரூம் மாறுற அந்த நொடியிலயும் வேணாம், இருட்டுத் திரைக்கு பயப்பட ஆரம்பிச்சிடுவாங்க.

ஷாக்கே வராம அதே ரூமைத் திரும்பத் திரும்பக் காட்டுனா பயம் இறங்கும், எக்ஸ்டின்க்ஷன்னு சொல்லுவாங்க. ஆளை வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்க லேப்ல இத கட்டாயமா பண்ணோம், நம்ம உண்டாக்குன பயத்த நம்மளே முடிஞ்ச வரைக்கும் இறக்கி வச்சுட்டுத்தான் அனுப்பணும். ஆனா அழிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஒரு இடத்துல கத்துக்கிட்ட பயத்த வேற இடத்துல வச்சு இறக்குனா, பழைய இடத்துக்குத் திரும்புனதும் எந்திரிச்சு உக்காரும்னு மார்க் பூட்டன் எலிகள வச்சு ரொம்ப வருஷமா காட்டிட்டு இருக்கார். தெரபில தைரியம் வந்தவரு வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆயிடுறாரே, அதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். 2014-ல டியூக் பல்கலைக்கழகத்துல ஜோசஃப் டன்ஸ்மோர், கெவின் லாபார் டீம் பல விஆர் இடங்கள்ல வச்சு பயத்த இறக்கிப் பாத்தாங்க, ஒரே இடத்துல இறக்குனதை விட பயம் திரும்பறது குறைஞ்சுது. இப்படி நொடில இடம் மாத்தறதெல்லாம் விஆர் இல்லாம பண்ண முடியுமா, ஆளைக் கூட்டிட்டு ஊர் சுத்தணும்.

படி 7: டேட்டா

சில பேருக்கு மேடே எழும்பாது, சில பேர் எந்த ரூம்ல ஷாக்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல, சில பேர் நடுவுல இருமிட்டாங்க. யார வச்சுக்கறது யார நீக்கறது? டேட்டாவப் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதி தேதி போட்டு எங்கயாவது பதிவு பண்ணிடுங்க. 2019-ல டினா லான்ஸ்டார்ஃப் டீம் இந்தத் துறைல வந்த பேப்பர்களைப் புரட்டிப் பாத்து, ஆளுங்கள நீக்கற விதி லேபுக்கு லேப் எவ்ளோ தாறுமாறா இருக்குன்னு வெளிச்சம் போட்டுக் காட்டுனாங்க. கண்டுபிடிக்காதவங்கள நீக்கிட்டா டேட்டா அழகாயிடும், உண்மைதான், ஆனா பயத்தைக் கத்துக்கத் திணறுறவங்க, எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி பயப்படறவங்க, அவங்களும் அந்தக் கூட்டத்துலதான் இருப்பாங்க, அவங்கதான நமக்கு வேணும்.

எண்ணைத் தனியா பாக்காதீங்க, ஒரே ஆளோட ரெண்டு ரூமுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தப் பாருங்க. நேரம் போகப் போக எல்லாருக்கும் வேர்வை குறைஞ்சுட்டே வரும், அதனால ஷாக் ரூம்ல கூடலயேன்னு நொந்துக்காதீங்க, மத்த ரூம் அளவுக்கு இறங்காம நின்னுச்சுன்னா அதுவே பயம்தான். வேர்வைல வித்தியாசம் இல்ல, வாயால மட்டும் பயம்னு சொல்றாங்கன்னு ரிசல்ட் வந்தா அதையும் அப்படியே எழுதுங்க, ரெண்டும் எப்பவும் ஒத்துப்போகணும்னு சட்டம் இல்ல.

படி 0, கடைசில சொல்றேன்

வெளியாளக் கூப்பிடறதுக்கு முன்னாடி, அனுமதி வந்த கையோட, முதல் ஆளா நீங்களே உக்காருங்க. முழுசா, ஷாக்கோட, ஒரு செகண்டும் வெட்டாம. ஹெட்செட் எங்க அழுத்துது, எந்த நிமிஷத்துல போரடிக்குது, இன்ஸ்ட்ரக்ஷன்ல எந்த வரி புரியலன்னு அப்பத்தான் தெரியும். நான் அப்படி ஏழெட்டு தடவை உக்காந்திருப்பேன், ரூமைக் கட்டுனதே நான், எந்த செகண்ட்ல ஷாக் வரும்னு ஃபைல எழுதுனதும் நான்.

ரெண்டு மாசம் கழிச்சு ஜூனியர் பசங்களுக்கு டெமோ காட்டுறதுக்காக விரல்ல சென்சார மட்டும் மாட்டிக்கிட்டு, ஷாக் மெஷினை பிளக்கோட பிடுங்கி மேசைல வச்சுட்டு, ஜன்னலுக்கு எதிர்ல மேசை இருக்கிற ரூம்குள்ள போனேன். ஸ்கிரீன்ல கோடு ஏறிக்கிட்டே போகுது, பின்னாடி நின்ன பசங்க "அண்ணா உங்களுக்கே வேர்க்குது"ன்னு சிரிக்கிறானுங்க. இப்பல்லாம் டெமோன்னா கதவுக்குப் பக்கத்துல மேசை இருக்கிற ரூமத்தான் ஓட்டுறேன்.